சீச்சீ எண்டால் ஓம்

பிறெஞ்சு நாட்டிலை தமிழ்க்கடையள் நிறைஞ்ச லா ஷப்பலிலை றஜனியைத் தெரியாத தமிழ்ச்சனம் இல்லை. தெரிஞ்ச எல்லாருக்கும் அவளிட்டை ஒரு அலுவல் இருக்கும். ஆற்றையோ பிள்ளையின்ரை முதல்நன்மை விருந்துக்கு இறைச்சி றோல்ஸ் சுத்தித் தரவேணும். ஓம். விசா அலுவலா பொபினி பிறிபெக்தூர் கந்தோருக்குத் துணைக்கு வரவேணும். ஓம். அந்த ஓமாலை மனுசி பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. ஓம் எண்டு சொல்லிப்போட்டு, வீட்டை வந்து சட்டிபானையைப் போட்டு இடிச்சு இடிச்சுக் கழுவுவாள். "என்ரை வாயிலை கொள்ளிதான் வைக்கவேணும்" எண்டு தன்னையே திட்டுவாள். விடிஞ்சு ஆரும் கேட்டால் திரும்பவும் ஓம்தான். அப்பிடியொரு சென்மம்.

வேலை ஃபொபூர் சேன்-தெனி தெருவிலை, ஒரு சீலைக்கடையிலை. முதலாளி செபஸ்தியாம்பிள்ளை வேறை ஆருமில்லை, அவளின்ரை மூத்த அக்காவின்ரை புருசன். அதுதான் வில்லங்கம். சம்பளத்தைக் கூட்டச் சொன்னால் அவர் முதலாளி. மேலதிகமா வேலை வாங்கேக்கை அத்தான்.

ஞாயிறு மட்டும் அவளுக்கு லீவு. அந்த ஒரு நாளுக்காகத்தான் மற்ற நாளெல்லாம் பல்லைக் கடிச்சுக்கொண்டு நிக்கிறது. காலமை பூசை, பிறகு ஸ்தேனிலை இருக்கிற தன்ரை வீட்டிலை நண்டுக்கறி. மத்தியானம் மகள் அனுஜா லில் பட்டணத்திலையிருந்து கோச்சியிலை வந்து இறங்குவாள். சாப்பிட்டிட்டுத் தாயும் மகளும் ஒரே கட்டிலிலை கால் நீட்டிப் படுப்பினம். தாய் தமிழிலை ஊர்ப் புதினம் சொல்லுவாள், மகள் பிறெஞ்சிலை சிரிப்பாள். வேலைக்குப் போற பிள்ளை, மற்ற நாளுகளிலை வரேலாது.

அந்த ஞாயிறிலைதான் அத்தான் கை வைச்சார்.

"றஜனி, ஞாயிறிலை நிக்கிற ஷிரோமி வேலையை விட்டிட்டுப் போறாள். இனி ஞாயிறும் நீர்தான் நிக்கவேணும், என்ன?"

றஜனிக்கு ஓம் தொண்டைவரைக்கும் வந்திட்டுது. எப்பிடியோ விழுங்கிப்போட்டு, "இத்தாலிக்குப் போயிட்டு வந்து சொல்லுறன் அத்தான்" எண்டாள்.

"அப்ப ஓம் எண்டு எடுக்கிறன்" எண்டு அவர் சிரிச்சார். கட்டையிலை போற சிரிப்பு.

இத்தாலிப் பயணம் அவளின்ரை அம்பதாவது பிறந்தநாளுக்கு அனுஜா குடுத்த பரிசு. ஏழெட்டுப் பேர் சேர்ந்து போறது. காலமை இத்தாலியன் பாடம், பிறகு ஊர் பாக்கிறது. முதல் கடற்கரைக் கிராமங்கள், பிறகு மலையிலை இருக்கிற ஊருகள். "கண்டறியாத படிப்பு! லூர்துக்குப் போனாலும் ஒரு புண்ணியமாவது மிஞ்சும்" எண்டு புருசன் றொனால்ட் புறுபுறுத்தான். அவளுக்கும் உள்ளுக்கை அதே எண்ணம்தான். ஆனால் மகள் கேட்டதுக்கு ஓம் எண்டு சொல்லிப்போட்டாளே.

போன அண்டு பின்னேரமே கரைச்சல் தொடங்கிச்சுது. பாவோலா எண்ட வாத்தியார் பொம்பிளை, பச்சைச் சம்பல் மாதிரி ஏதோ பிரட்டின பாஸ்தாவைக் கோப்பை நிறையப் போட்டாள். றஜனி கஷ்டப்பட்டுச் சாப்பிட்டு முடிச்சாள். பாவோலா கரண்டியோடை திரும்பவும் வந்து, இன்னும் வேணுமோ எண்டு கையாலை காட்டினாள். றஜனி ஊர்வழக்கிலை, வேண்டாம் எண்டு மரியாதையா, "சீச்சீ" எண்டாள்.

பாவோலாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "சீ, சீ!" எண்டு திருப்பிச் சொல்லிக்கொண்டு இன்னொரு கரண்டி போட்டாள்.

"ஐயோ, சீச்சீ! காணும்!" எண்டு றஜனி கையை ஆட்டினாள். இன்னும் ரெண்டு கரண்டி விழுந்துது.

விடிய வகுப்பிலை பாவோலா பலகையிலை முதல் எழுதின சொல்லைப் பாத்ததும் றஜனி தலையிலை அடிச்சாள். இத்தாலிக்காரருக்கு சீ எண்டால் ஓமாம். ரெண்டுதரம் சொன்னால் கட்டாயம் ஓமாம். கோதாரி! உலகத்திலை இவ்வளவு பாசை இருக்க, மகள் இதையா தேடிப் பிடிச்சவள்?

விளங்கி என்ன, நாக்கு கேட்டால்தானே! பிறெஞ்சிலை "நோன்" எண்டு சொல்லியிருக்கலாமே எண்டு கேப்பியள். அந்தச் சொல்லை அவள் கடைக்கு வாற சனத்தின்ரை வாயிலைதான் கேட்டிருக்கிறாள், தன்ரை வாயாலை சொன்னதில்லை. கடற்கரைக் கிராமத்திலை வள்ளக்காரன் ஏறச்சொல்லிக் கையை நீட்ட, "சீச்சீ, எனக்குக் கடல் ஒத்துவராது" எண்டாள். தூக்கி ஏத்திப்போட்டான். அடுத்த கிராமம் வரைக்கும் சத்தி எடுத்துக்கொண்டே போனாள். பச்சை நெத்தலியைப் புளியிலை ஊறவைச்சுக் கொண்டந்து நீட்டிச்சினம். சீச்சீ எண்டாள். ஒரு தட்டு வந்துது. "என்ரை மாதாவே, நான் வேண்டாம் எண்டாலும் ஓமாத்தானே போகுது!" எண்டு அவளுக்கு அழுகையே வந்திட்டுது.

இதுக்குள்ளை அத்தானின்ரை வொயிஸ் மெசேஜ் வேறை. "வாற ஞாயிறுக்கு உம்மடை பேரைப் போட்டிட்டன்." அனுஜாவுக்கு என்னெண்டு சொல்லுறது? வராதை பிள்ளை, அம்மா கடையிலை நிக்கிறன் எண்டோ?

மலைக்குப் போன அண்டு வெய்யில் மண்டையைப் பிளந்துது. ஊர் உச்சியிலை ஒரு கோபுரம். லியோன் நகரத்திலையிருந்து அந்தப் பாடத்துக்கு வந்த பேனாட் எண்ட கிழவர், "ஏறுவமா?" எண்டு இத்தாலியனிலை கேட்டார். "சீச்சீ" எண்டு வாய் சொல்லிப்போட்டுது. உடனை எல்லாரும் கையைத் தட்டி அவளை முன்னுக்கு விட்டிச்சினம். அரைவாசிப் படியோடை இனி ஏறேலாது எண்டாச்சு. ஒரு கிழமையாப் பட்ட கோவமெல்லாம் தலைக்கேற, அந்தப் படியிலேயே குந்தினாள்.

"நோ!" எண்டு கத்தினாள்.

கோபுரமே அதிர்ந்துது. அவளுக்கே பயம் பிடிச்சிட்டுது. இனி எல்லாரும் முகத்தை நீட்டப்போயினம், ஆரோ ரெண்டு பேர் கதைக்காமல் விடப்போயினம் எண்டு பாத்துக்கொண்டிருந்தாள். பேனாட், "ஆ, சரி" எண்டார். அவளைத் தாண்டி மேலை போயிட்டார். மற்றவையும் அப்பிடியே. ஒருத்தரும் செத்துப்போகேல்லை.

றஜனி மெல்ல இறங்கி, சதுக்கத்திலை இருந்து ஒரு ஐஸ்கிறீம் வாங்கிக் குடிச்சாள். "இவ்வளவுந்தானா?" எண்டு யோசிக்க யோசிக்க அவளுக்கு விசர்தான் வந்துது. இந்த ஒரு சொல்லுக்குப் பயந்தா இவ்வளவு வருசம் ஊராருக்கெல்லாம் றோல்ஸ் சுத்தினவள்?

திரும்பி வந்து கடைக்குள்ளை கால் வைக்க முதலே அத்தான் கல்லாவிலையிருந்து கேட்டார். "வந்திட்டீரோ? அப்ப ஞாயிறு காலமை கடையைத் திறக்கிறது நீர்தான்."

கடைக்குள்ளை சீலை பாக்கிற சனம். ஓம் வழக்கம்போலை தொண்டைக்கு வந்துது. றஜனிக்கு அந்தக் கோபுரப் படி நினைவுக்கு வந்துது.

"சீச்சீ" எண்டாள்.

அத்தான் கண்ணாடியைக் கழட்டினார். "என்ன சீச்சீ?"

"ஞாயிறு என்ரை பிள்ளை வாற நாள் அத்தான். நான் வரமாட்டன்."

"என்ன பகிடியோ? இத்தாலியிலை இதைத்தான் படிச்சனீரோ?"

"இல்லை. அங்கை இதைச் சொல்லி ஒருத்தருக்கும் விளங்கேல்லை" எண்டு சொல்லிக்கொண்டு றஜனி கைப்பையை வைச்சிட்டு, நிண்ட சனத்துக்குச் சீலை விரிக்கப் போனாள். "உங்களுக்கு விளங்கும்."