செத்தேன் என்றால் வலதுபக்கம்

ஔந்த் மைதானத்தில் ஒரு மராட்டிச் சிறுவன் கோலில் நின்றபடி "செத்தேன்!" என்று கத்தினான். நடந்துகொண்டிருந்த நான் நின்று திரும்பினேன். அது என் கத்தலாயிற்றே!

தொண்ணூறுகளில் எங்கள் கல்லூரிக் கால்பந்து அணியின் கோல்கீப்பர் நான். பந்தைக் கண்டாலே அலறுவேன். அந்த சீசனில் ஒரு ஆட்டமாவது ஜெயிக்காவிட்டால் அணியைக் கலைத்துவிடுவார்கள். புதிதாக வந்த கோச், ராணுவப் பகுதியான கோர்படியில் குடியிருந்த தமிழ் ராணுவக்காரர், என்னை நீக்கவில்லை.

"எப்படியும் கத்தத்தான் போறே. பந்து இடதுபக்கம் வந்தா 'ஐயையோ', வலதுபக்கம்னா 'செத்தேன்'னு கத்துடா. எதிராளிக்கு விளங்காது" என்றவர், மற்றவர்களுக்கு அதை இந்தியில் விளக்கினார்.

மற்றதெல்லாம் தோற்று, கடைசி ஆட்டத்தில் ஒரு கோல் முன்னிலையில் இருந்தோம். கடைசி நிமிடத்தில் நான் மனதார "செத்தேன்!" என்றேன். எனக்கு முன்னால் தடுப்பாட்டம் ஆடிய பாட்டீல் வலதுபக்கம் பாய்ந்து பந்தை உதைத்துத் தள்ளினான். அணி பிழைத்தது.

இப்போது இந்தச் சிறுவனுக்குக் கோச், நரைத்துப்போன அதே பாட்டீல். "பையனோட உச்சரிப்பு சரிதானே?" என்று இந்தியில் கேட்டான்.

"உச்சரிப்பு சரிடா. பயம்தான் போதாது" என்றேன்.