குரங்கு கடித்த ராசாவும் அம்மாவும்

கிரேக்க நாட்டு ராசாவை நானாகத் தேடிப் போகவில்லை. ஐந்தாம் வகுப்பில் எங்கள் ரீச்சர் ஆளுக்கொரு சீட்டு எடுக்க வைத்து, சீட்டில் வரும் நாட்டின் அரசர் ஒருவரைப் பற்றி வகுப்பில் பேசவேண்டும் என்றார். பக்கத்துக் கதிரைக்காரிக்கு இங்கிலாந்து வந்தது. நூலகத்தில் அவளுக்குத் தட்டுத் தட்டாகப் புத்தகம். எனக்குக் கிரேக்கம். போன நூற்றாண்டில் அங்கே ஆண்டவர்கள் எல்லாரும் எனக்கு ஒரே மாதிரித்தான் தெரிந்தார்கள். போதாக்குறைக்கு அடிக்கடி நாட்டைவிட்டுத் துரத்தப்பட்டார்கள். ஒருவரை மட்டும் குரங்கு கடித்திருந்தது. வகுப்பு விழுந்து விழுந்து சிரிக்கும் என்று அவரையே பிடித்துக்கொண்டேன்.

நாங்கள் அப்போது ஸ்காபரோவில் ஒரு வீட்டின் பேஸ்மென்ரில் இருந்தோம். அப்பாவுக்குப் பிறம்ரனில் ஒரு வெயர்ஹவுஸில் வேலை. அம்மாவுக்கு எட்டு மாதம். எங்கள் அகதி வழக்கு விசாரணைக்கு வரவில்லை. நாட்டைவிட்டுப் போனால் திரும்பி வர ஏலாது. அந்த நேரம் பார்த்துத்தான் யாழ்ப்பாணத்தில் மாமா, அம்மாவின் ஒரே தம்பி, காலில் ஆணி ஏறியதைக் கவனிக்காமல் விட்டுப் பெரியாஸ்பத்திரியில் கிடந்தார். தாய் நேரத்தோடு போய்விட்டதால் அவரை இடுப்பில் வைத்து வளர்த்தவர் அம்மாதான். கிருமி இரத்தத்தில் ஏறிவிட்டதாம், காலை எடுப்பதா விடுவதா என்று டொக்டர்மார் யோசிக்கிறார்களாம். அம்மா போனைக் கையில் வைத்துக்கொண்டே தேத்தண்ணீரை ஆறவிட்டார்.

ஒரு நாள் அப்பா அந்தப் போனை வாங்கித் தன் ஜக்கெற்றுக்குள் போட்டார்.

"உது வயித்துப் பிள்ளைக்குக் கூடாதாம். நான் கதைச்சுப்போட்டு வந்து சொல்லுறன்."

அன்றிலிருந்து செய்தி அப்பா வழியாக வந்தது. பரவாயில்லையாம். சோறு கேட்டவராம். உண்மையில் போன் பறிபோன அன்றே மாமா செத்துப்போனார். இது எனக்குத் தெரிந்தது எத்தனையோ வருடம் கழித்து. எங்கள் ஆட்களின் வழக்கம் அப்படி. சாவுச் செய்தியை ஒரே மூச்சில் சொல்லமாட்டார்கள். முதலில் சுகமில்லை, பிறகு கொஞ்சம் கடுமை என்று படிப்படியாக இறக்குவார்கள். கேட்பவர் பிள்ளைத்தாய்ச்சி என்றால், பிள்ளை பிறக்கும்வரை செத்த ஆளை உயிரோடு வைத்திருப்பார்கள்.

அம்மாவின் அக்கா, எங்கள் பெரியம்மா, அஜின்கோர்ட்டிலிருந்து தினமும் சாப்பாடு கொண்டுவந்தார். பொய் சொல்லத் துணிந்த மனுசிக்குச் சாவுத் துடக்குக் காக்காமல் இருக்க மட்டும் மனம் வரவில்லை. மீன் இல்லாமல் ஒரு பிடி சோறு இறங்காதவர், வாளி வாளியாக மரக்கறி கொண்டுவந்தார்.

"என்னக்கா, கடையிலை மீன் முடிஞ்சுதோ?" என்று அம்மா கேட்டார்.

"நேர்த்தி வச்சிருக்கிறன். தம்பிக்காக."

அம்மா சோற்றைப் பிசைந்தார். எனக்கோ கத்தரிக்காயை எப்படி ஒளிப்பது என்பதுதான் கவலை.

எங்கள் வீட்டில் எதைப் படித்தாலும் முதலில் தமிழில் சொல்லிக்காட்ட வேண்டும். அது அம்மா போட்ட சட்டம். ஆகவே ராசாவும் தமிழுக்கு வந்தார். தகப்பனையும் தாயையும் தமையனையும் நாட்டைவிட்டு அனுப்பிவிட்டு இவரை அரச கதிரையில் இருத்தினார்கள். மந்திரிமார் சொன்னதைக் கேட்பதுதான் வேலை. ஒரு நாள் தோட்டத்தில் அவருடைய நாயும் ஒரு குரங்கும் சண்டை பிடிக்க, விலக்கப் போனார். இன்னொரு குரங்கு வந்து கடித்தது.

"உவனுக்கென்ன விசரே? ராசாவா இருந்துகொண்டு குரங்குச் சண்டைக்கு நடுவிலை போறதே?" அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே சிரித்தார். "எங்கை கடிச்சது?"

"காலிலை."

கத்தி நின்றுவிட்டது. அதன் பிறகு ஒவ்வொரு பின்னேரமும் அம்மாவுக்கு ராசா வேண்டும். காலை எடுத்தவங்களோ? தாய்க்கு அறிவிச்சவங்களோ? நான் "இன்னும் வாசிக்கேல்லை அம்மா" என்று இழுத்தேன். வாசித்திருந்தேன். காலை எடுக்கும் பொறுப்பை ஏற்க டொக்டர்மார் பயந்தார்கள். தாய் வர அரசாங்கம் விடவில்லை. தகப்பனின் தாயான பேத்தியாருக்குத்தான் அனுமதி கிடைத்தது, அவரும் கடல் கொந்தளிப்பில் பிந்திப் போனார். ராசா செத்துப்போனார். ஐயோ, இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது? ராசா செத்ததைச் சொன்னால் மாமாவும் செத்துவிடுவார் என்று நான் முழுசாக நம்பினேன். புத்தகத்தைப் பனிச் சப்பாத்துக்குள் செருகி வைத்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் எல்லாரும் சாப்பாட்டில் இருந்தோம். அம்மா கேட்டேவிட்டார்.

"பிள்ளை, புத்தகம் முடிஞ்சிருக்குமே? அவன்ரை தாய் வந்தவவோ?"

நான் கத்தரிக்காயைச் சோற்றுக்கு அடியில் தள்ளினேன். பிறகு வந்தது பாருங்கள் ஒரு வெள்ளம். "வந்தவ அம்மா! கப்பலிலை வந்தவ. காலை வெட்ட வேண்டாமெண்டு டொக்டரைப் பேசினவ. மடியிலை வச்சுக் கஞ்சி பருக்கினவ. ராசாவுக்குச் சுகம் வந்திட்டுது." கிரேக்க அரண்மனையில் கஞ்சி காய்ச்சிய முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

அப்பாவின் கை சோற்றுக் கோப்பையிலேயே நின்றது. பெரியம்மா எழுந்து குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். தண்ணீர் ஓடும் சத்தம் நெடுநேரம் கேட்டது. பெரியம்மாவுக்குக் கிரேக்கச் சரித்திரம் தெரிந்திருக்கிறது, வெளியே வந்ததும் என்னைக் காட்டிக்கொடுக்கப் போகிறார் என்று நடுங்கினேன். அப்பா "கெட்டிக்காரி" என்றார். என் மார்க்ஸ் எதற்கும் வாய் திறக்காத அப்பா.

அம்மா குளியலறைக் கதவைப் பார்த்தார். பிறகு அப்பா பக்கம் திரும்பினார்.

"தம்பிக்கு இண்டைக்கு எப்பிடியாம்?"

"பரவாயில்லையாம்," என்றார் அப்பா, தலை நிமிராமல்.

"அது நல்லது." அம்மா அப்பாவின் கோப்பையில் இன்னொரு அகப்பை பருப்பு விட்டார். பிறகு இடக்கையால் என் தலையைத் தன்னோடு அணைத்துக் காதுக்குள் சொன்னார்: "காணும் பிள்ளை. இனி அந்தக் கதையை இவையளுக்கு முன்னாலை எடுக்காதை. அதுகள் பாவம்."

ராசாவையும் மாமாவையும் ஒரே பொய்யில் காப்பாற்றிவிட்ட சந்தோசப் புளுகத்தில் எனக்குக் கத்தரிக்காய்கூட இறங்கியது. ஆனால் எங்கேயோ கிரேக்கத்தில் ஒரு ராசாவைக் குரங்கு கடித்ததற்கு அப்பாவும் பெரியம்மாவும் ஏன் பாவம் என்றுதான் எனக்கு விளங்கவில்லை.