எடைமேடைக்குப் பிள்ளையார் படம் கட்டாயம்

பெரம்பலூரில் நான் வேலை பார்த்த சின்ன மென்பொருள் ஆபீஸில் டீம் லீடர் என்று ஒருவர் இருந்தார். முதலாளியின் மச்சான். ஜாவா தெரியாது என்பதை ஒரு தகுதி மாதிரி சொல்லிக்கொள்வார். "கோடு எழுதத்தான் நீங்கள்லாம் இருக்கீங்களே" என்பார். மச்சானுக்கு அதற்கு மேல் என்ன தெரிய வேண்டும்?

குன்னம் பக்கம் ஒரு மக்காச்சோளக் கொள்முதல் கிடங்குக்கு எடைமேடை மென்பொருள் செய்தோம். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாமல் தனித்தனி மாட்யூலாகப் பிரித்திருந்தேன். எடையை வாசிக்க ஒன்று, சீட்டு அடிக்க ஒன்று, வாசல் டிவியில் படம் காட்ட ஒன்று. ஒவ்வொரு மாட்யூலும் தனக்கு எவை எவை துணை வேண்டும் என்று சொல்லிவிட வேண்டும். 'கட்டாயம்' என்று சொன்ன துணை இல்லாவிட்டால் அது வேலை செய்யாது, ஓடிக்கொண்டிருந்தாலும் நின்றுவிடும். 'இருந்தால் நல்லது' என்று சொன்னால், துணை வராவிட்டாலும் தன் வேலையைப் பார்க்கும். பந்திக்குச் சமையல்காரர் கட்டாயம், போட்டோகிராபர் இருந்தால் நல்லது. இவ்வளவுதான் விஷயம்.

இதுகூட டீம் லீடருக்கு ஏறவில்லை. "பிள்ளையார் சுழி போடாம எவனாச்சும் ஒரு காரியம் ஆரம்பிப்பானா? டிவியில மொதல்ல பிள்ளையார் வரணும், அப்புறந்தான் சீட்டு. அதக் கட்டாயம்னு போடுங்க" என்றார்.

பிள்ளையார் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அந்தப் படத்தில் அவர் மூலையில் கட்டைவிரல் அளவு இருந்தார். மீதி இடம் முழுக்கக் கிடங்கு முதலாளி கும்பிட்டபடி நின்றார். பக்தி யார் மேல் என்று எனக்குத் தெரியாதா? இருந்தும் "சரிங்க சார்" என்றேன். டிவி இணைப்பு இருக்கிறதா என்று நொடிக்கொரு தரம் சோதிக்கும்படியும் எழுதி வைத்தேன். கேட்டதற்கு மேல் செய்து நல்ல பெயர் வாங்கும் புத்தி.

அறுவடை சமயத்தில் ஒரு மதியம், பிரிண்டரைப் பார்க்க அந்தக் கிடங்குக்குப் போயிருந்தேன். திடீரென்று காற்று கிளம்பி டிவி ஒயரை அறுத்துவிட்டது. பிள்ளையார் போனார், சீட்டு அடிப்பதும் நின்றது. எடை மட்டும் சிவப்பு எழுத்தில் பளிச்சென்று தெரிந்தது. சூப்பர்வைசர் அதைப் பார்த்துக்கொண்டே, "சீட்டு இல்லாம சரக்கு எறக்க முடியாதுங்க. கையால எழுதுனா செல்லாது" என்றார். அவரும் ஒரு மகான்.

மேடையில் நின்றது என் பெரியப்பாவின் டிராக்டர். மானாவாரி நிலம், வருஷத்துக்கு அவருக்கு இருக்கும் ஒரே விளைச்சல் முழுதும் அதில் இருந்தது. சாம்பிள் எடுக்கத் தார்ப்பாயை அவிழ்த்திருந்தார்கள். காலையிலிருந்தே வரிசையில் எல்லாரிடமும், "எங்க தம்பி மவன் செஞ்ச கம்ப்யூட்டரு" என்று சொல்லிக்கொண்டிருந்தாராம்.

லேப்டாப் என் எதிரில் திறந்திருந்தது. 'கட்டாயம்' என்ற ஒரு சொல்லை மாற்றினால் போதும். நான் போனை எடுத்தேன். டீம் லீடர் ஒரு வளைகாப்பில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"நீ எதையும் தொடாத. பிள்ளையார எடுத்துட்டு சீட்டு அடிச்சா கெடங்கு மொதலாளி என்ன நெனப்பாரு? நான் வந்து பாக்கறேன்."

"சரிங்க சார்."

பெரியப்பா ஜன்னலில் எட்டிப் பார்த்தார். "என்ன தம்பி, எவ்ளோ நேரமாவும்? மழ வர்ற மாரி இருக்கு."

"கொஞ்சம் இருங்க பெரியப்பா, சார் வந்துட்டிருக்காரு."

சார் வரவில்லை, மழை வந்தது. பெரியப்பா ஓடிப்போய்த் தார்ப்பாயை இழுத்தார். ஒரு பக்கம் மூடினால் மறுபக்கத்தைக் காற்று தூக்கியது. மழை விட்டதும் ஈரம் பார்க்கும் கருவியை வைத்துப் பார்த்த சூப்பர்வைசர், "இத எடுக்க முடியாதுங்க, ஓட்டிட்டுப் போயிடுங்க" என்றார்.

பின்னால் நின்றவர்கள் என்னை நாறடித்தார்கள். பெரியப்பா, தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, அவர்களிடம் சண்டைக்குப் போனார். "ஏன்யா அவன வையிறீங்க? ஒயரு அறுந்தா அவன் என்ன பண்ணுவான், பாவம்?"

டிராக்டர் கேட்டைத் தாண்டிய பிறகு அந்தச் சொல்லை மாற்றினேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. உடனே சீட்டு வந்தது.

டீம் லீடரை இவ்வளவு திட்டி எழுதிவிட்டேன். அவருக்கு ஜாவா தெரியாது. எனக்குத் தெரியும்.