ஆள்காட்டி முட்டைக்குக் காவல்

காலை ஆறு மணிக்குக் கள்ளக்குறிச்சியில் டவுன் பஸ் ஏறினேன். கச்சிராயபாளையம் சுமார் பதினைந்து கிலோமீட்டர். டிக்கெட் பதினைந்து ரூபாய். வழியெல்லாம் கரும்பு, எதிரே கல்வராயன் மலை. ஆள்காட்டிக் குருவி முட்டையிட்டிருக்கும் கொல்லையைக் காட்டச் சொல்லி நண்பனை நச்சரித்து, அவனுடைய அக்கா மேரியின் ஊருக்கு வழி கேட்டிருந்தேன்.

ஏழு மணிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது அக்காவின் கொல்லையில் வாக்குவாதம். முந்தின நாள் மழை பெய்திருந்தது. மக்காச்சோளத்துக்கு உழ டிராக்டர் வந்து நின்றது.

"ஈரம் காயுதுக்கா. மேல குந்திக்கினு பார்த்தா எனக்கு முட்டை எங்க தெரியும்? ஒரு குச்சி நட்டு வைங்க" என்றார் டிராக்டர் ஓட்டும் ஏழுமலை.

"போன வருசம் சேப்புத் துணி கட்டி நட்டேனே! காக்கா அது மேலயே குந்திக்கினு நாலையும் தின்னுடுச்சி. காக்காவுக்கு நானே பந்தி போட்டா மாதிரி ஆயிடுச்சி" என்றார் மேரி அக்கா.

வெறும் மண்ணில், மண்கட்டிகளைப் போலவே நான்கு முட்டைகள். முன்பு முயல் வேட்டைக்காரர்கள் இந்தப் பறவையைக் கல்லெறிந்து விரட்டுவார்களாம். அது கத்தி, முயலுக்கு ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று. இப்போது அந்த வேட்டை ஓய்ந்துவிட்டது. அந்தக் காலத்தில் மாட்டு ஏர் ஓட்டியவர்கள் குனிந்து பார்த்து, ஏரைத் தூக்கி அப்பால் வைத்தார்கள். டிராக்டரால் குனிய முடியாதே!

ஏழுமலை என்னைப் பார்த்துச் சிரித்தார். "இவர நட்டு வைங்கக்கா. நல்லா ஒசரமா இருக்காரு."

அப்படியே நட்டார்கள். பறவை பார்க்க வந்தவன் குச்சியானேன். மஞ்சள் கால்களைத் தொங்கவிட்டு, இரண்டு பறவைகளும் என் தலைக்கு மேல் பாய்ந்து பாய்ந்து திட்டின. எனக்கோ பயம் வேறு: அவை அடைகாக்காமல் வெயில் ஏறினால் முட்டை வெந்துவிடும்.

"சீக்கிரம் ஓட்டுப்பா!" என்று மேரி அக்கா கத்தினார்.

முட்டைகளைச் சுற்றி ஒரு கட்டில் அகலத்துக்கு உழாத மண் மிஞ்சியது. வேப்பமரத்தடிக்கு ஓடி வந்து மூவரும் காத்திருந்தோம். ஒரு பறவை வாய்க்காலில் இறங்கி, முட்டைச் சூடு தணிக்க வயிற்றை நனைத்துக்கொண்டு, சுற்றிச் சுற்றி நடந்துவந்து, முட்டைகளின் மேல் அமர்ந்தது.

"ஏசப்பா! குந்திடுச்சி" என்றார் அக்கா. ஏழுமலை தலைத்துண்டை அவிழ்த்து முகம் துடைத்துக்கொண்டார்.

பத்தரை மணி பஸ்ஸில் திரும்பினேன். எங்கள் தெருமுனைக் காலி நிலத்திலும் இந்தக் குரல் கேட்டதுண்டு. அங்கே மனைக்கல் நட்டுவிட்டார்கள். இங்கே என்னை நட்டார்கள்.