பின்னாலிருந்து கூப்பிட்டவள்

போன ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வந்திருந்தார். வந்த மனுஷர் சாப்பிட்டோமா படுத்தோமா என்றில்லாமல், போனில் ஒரு வீடியோ பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதில் எவனோ ஒருத்தன் கையுறை மாட்டிக்கொண்டு வீட்டு வாசலிலேயே காருக்கு ஆயில் மாற்றுகிறான். சட்டையில் ஒரு சொட்டுக் கறை கிடையாது. "நம்ம வண்டிக்கும் நானே மாத்திடலாம்னு இருக்கேன் அத்தை. பழசை இறக்கணும், ஃபில்டர் மாத்தணும், புதுசை ஊத்தணும். ரொம்ப ஈஸி" என்றார்.

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ அந்த ஆத்திரம். ஈஸியாம் ஈஸி! "கம்பெனியிலயே விட்டுடுங்க மாப்பிள்ளை. நம்ம குடும்பத்துக்கும் அதுக்கும் ராசியில்ல" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். பாவம், அவர் என்ன செய்வார். ராசியில்லை என்று நான் சொன்னதுகூடப் பொய்தான். ராசிக்கு என்ன கேடு? மனுஷன் சரியில்லை. மருமகனிடம் அதையெல்லாம் சொல்ல முடியுமா? உங்களிடம் சொல்கிறேன், கேளுங்கள்.

செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே போகிற தெருவில் எங்களுக்கு ஒரு வீடு இருந்தது. முன் போர்ஷனில் என் வீட்டுக்காரரின் அண்ணன், பின் போர்ஷனில் நாங்கள். புருஷனின் அண்ணனை எங்கள் பக்கம் மூத்தார் என்போம். கீழ்பென்னாத்தூரில் மாமனார் விட்டுப்போன நிலத்தை விற்று, அண்ணனும் தம்பியும் சேர்ந்து ஒரு டீசல் கார் வாங்கினார்கள். ஒரு வாரம் அவர் ஓட்டுவார், மறு வாரம் இவர் ஓட்டுவார். ஆசிரமத்துப் பக்கம் வந்து தங்குகிற வெள்ளைக்காரர்களை மெட்ராஸ் ஏர்போர்ட்டில் கொண்டுபோய் விடுவதுதான் பெரிய சவாரி. இரண்டு வீட்டு அடுப்பும் அந்த ஒரு வண்டியால்தான் எரிந்தது.

டாக்ஸிகளில் பின் கண்ணாடியில் பிள்ளைகள் பேர் எழுதியிருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். ஒருநாள் மூத்தார் வண்டியை எடுத்துப்போய்த் தன் பையன்கள் இரண்டு பேர் பேரையும் எழுதிக்கொண்டு வந்து நிறுத்தினார். என் பெண் பேர் இல்லை. "பொட்டப்புள்ள பேர எதுக்கு ஊரெல்லாம் காட்டணும்?" என்றாராம். அன்றைக்கு அண்ணன் தம்பிக்குள் நின்ற பேச்சு நின்றதுதான். அப்புறம் எல்லாம் ஜாடைதான். மூத்தார் கொடிக்கயிற்றைப் பார்த்து "சில பேருக்கு வண்டி ஓட்டத்தான் தெரியும், தொடைக்கத் தெரியாது" என்பார். இவர் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்து "சில பேருக்கு நாக்கு ஜாஸ்தி" என்பார். கொடிக்கயிறுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் வாய் இருந்திருந்தால் அவையும் சண்டைக்கு வந்திருக்கும்.

அவசரமான சேதி என்றால் என் ஓரகத்தி, அதாவது மூத்தார் சம்சாரம், அவள் வழியாகத்தான் போகும். நான் நேரே சொல்ல முடியாதா என்று கேட்காதீர்கள். தம்பி பெண்டாட்டி மூத்தார் முன்னால் நிற்கக்கூடாது, முகம் பார்த்துப் பேசக்கூடாது. அவர் வந்தால் நான் கதவுக்குப் பின்னால் போய்விட வேண்டும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த மனுஷரிடம் நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. என்ன மரியாதையோ, என்ன எழவோ!

ஆயில் மாற்றுவதற்கு என் வீட்டுக்காரர் பௌர்ணமி நாளைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். அன்றைக்குக் கிரிவலக் கூட்டம், போலீஸ் வண்டிகளை மறித்து மறித்துத் திருப்பும். சவாரி கம்மி. அந்தப் பௌர்ணமியும் காலையில் இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, சூட்டில் ஆயில் இளகியதும் சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்தார். போல்ட்டைக் கழற்ற, கருப்பாகச் சூடாக ஆயில் கீழே வைத்த பேசினில் ஒழுகியது. அந்த நாற்றம் எனக்குப் பிடிக்கும் என்றால் சிரிப்பீர்கள். தீய்ந்த வாடையும் மண்ணெண்ணெய் வாடையும் கலந்த மாதிரி இருக்கும். இரண்டு நாளைக்கு அவர் கையில் சாப்பாட்டு நேரத்திலும் அடிக்கும். பழைய ஆயிலை எதிர்வீட்டில் உத்திரத்துக்குப் பூச வாங்கிப்போவார்கள். கரையான் அண்டாதாம்.

போல்ட்டைத் திரும்ப முடுக்கிவிட்டு ஃபில்டரைக் கழற்றினார். அது லேசில் வராமல் முரண்டு பிடித்தது. கடைசியில் ஸ்க்ரூ டிரைவரால் குத்தித் திருகி எடுத்தார். புதுசை எடுத்து, அதன் ரப்பர் வளையத்தில் விரலால் ஆயில் தடவி மாட்டப் பார்த்தால், மரை சேரவில்லை. கடைக்காரன் வேறு வண்டி ஃபில்டரைக் கொடுத்துவிட்டான். நன்றாகத் திட்டித் தீர்த்துவிட்டு, பானெட்டைச் சாத்தினார். "மாத்திட்டு வந்துடறேன். யாரும் வண்டியத் தொடாம பாத்துக்க. உள்ள சொட்டு ஆயில் இல்ல" என்று என்னிடம் சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தார். கூட்டத்தில் நடந்துதான் போக முடியும்.

அவர் தலை மறைந்திருக்காது, மூத்தார் வந்தார். வெள்ளை வேட்டி, நெற்றியில் விபூதிப் பட்டை. யாரோ வெள்ளைக்காரனுக்கு அவசரமாக ஏர்போர்ட் போக வேண்டுமாம், சவாரி பேசிவிட்டு வந்திருக்கிறார். அவரிடமும் ஒரு சாவி உண்டு. கதவைத் திறந்து உட்கார்ந்து, ஸ்டீரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

ஓரகத்தி விடிகாலையிலேயே கிரிவலம் கிளம்பிவிட்டாள், அந்நேரம் அடி அண்ணாமலைப் பக்கம் நடந்துகொண்டிருப்பாள். தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. முதலில் கதவுக்குப் பின்னால் நின்று, முறைப்படி சுவரைப் பார்த்துச் சொன்னேன்: "வண்டியில ஆயில் இல்ல." அவர் திரும்பவே இல்லை. சாவியைச் சொருகினார். போங்கடா, நீங்களும் உங்கள் முறையும் என்று வாசலுக்கே ஓடினேன். ஜன்னல் பக்கத்தில் நின்று அவர் முகத்தைப் பார்த்தே கத்தினேன்.

"மாமா, ஆயில் எறக்கி இருக்கு, எடுக்காதீங்க!"

அவர் என்னைப் பார்க்கவில்லை. வண்டியின் கண்ணாடியைப் பார்த்துச் சொன்னார்: "ஆம்பள பேச மாட்டானாம், பொம்பளய உட்டு வண்டிய மறிக்கறானாம். ஆயில் இல்லையாம்ல ஆயில்!" சொல்லிவிட்டுச் சாவியைத் திருகினார். தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி ஒரு சத்தம். நான் பின்னாலேயே "மாமா, மாமா" என்று கத்திக்கொண்டு ஓடினேன். வண்டி தெருமுனை திரும்பிவிட்டது.

செங்கம் ரோடுகூடத் தாண்டவில்லை. இன்ஜின் இறுகி நின்றுவிட்டது. வெறுங்காலோடு மலை சுற்ற வந்த புண்ணியவான்கள் நாலு பேர் தள்ளிக்கொண்டு வந்து வாசலில் விட்டார்கள். என் வீட்டுக்காரர் கையில் சரியான ஃபில்டரோடு வந்து நின்றார். மாட்டத்தான் இன்ஜின் இல்லை.

அப்புறம் மூத்தார் தெருவெல்லாம் என்ன சொன்னார் தெரியுமா? "நல்ல காரியத்துக்குக் கெளம்பும்போது பின்னாடியே நின்னு கூப்பிட்டா. வெளங்குமா?" ஆயில் பேச்சே கிடையாது. நான் பின்னாலிருந்து கூப்பிட்டதால் இன்ஜின் போயிற்றாம்! "ஆயில் இல்லன்னு நான் மூஞ்சிக்கு நேரா சொன்னேன்" என்று ஓரகத்தி வழியாகச் சொல்லி அனுப்பினேன். "என்னமோ கத்துனா, காதுல விழல" என்று பதில் வந்தது. காதில் விழாமலா "ஆயில் இல்லையாம்ல ஆயில்" என்றார்? பொய் சொல்கிற வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்கள். அந்த வாய்க்கு மூன்று வேளையும் நன்றாகவே கிடைத்தது.

அவரையாவது விடுங்கள், அந்நியர். என் புருஷன் என்ன சொன்னார் தெரியுமா? "நீ ஏன் அண்ணன் முன்னாடி போய் நின்ன? அவருக்கு ரோஷம் வந்துடுச்சு." நான் கேட்டேன்: "அப்ப ஓரகத்தி மலைய சுத்திட்டு வர்ற வரைக்கும் வண்டி நின்னுட்டு இருக்குமா?" மனுஷர் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

புது இன்ஜின் போட வழியில்லாமல் வண்டி காயலான் கடைக்குப் போயிற்று. பின் கண்ணாடியில் அந்தப் பையன்கள் பேரோடேயே போயிற்று. இவர் வேறொருத்தர் வண்டிக்கு டிரைவராகப் போனார். எத்தனை கல்யாணம், எத்தனை காதுகுத்து! நான் பந்தலில் நுழைந்தால் போதும், யாராவது ஒருத்தி "வண்டி கெளம்புது, இவள உள்ள உக்கார வைங்க" என்பாள். சிரிப்பார்கள். எனக்குப் பற்றி எரியும்.

போன வருஷம் மூத்தார் ஆஸ்பத்திரியில் கிடந்தார். இவர் போய்ப் பார்த்தார். அத்தனை வருஷத்துப் பகை ஒரு நிமிஷத்தில் கரைந்துவிட்டது. எப்படிக் கரைந்தது என்கிறீர்கள்? நான் பிளாஸ்க்கில் கஞ்சி எடுத்துக்கொண்டு போகிறேன், உள்ளே அண்ணனும் தம்பியும் சிரிக்கிறார்கள். "அன்னிக்கு இவ மட்டும் பின்னாடி கூப்பிடாம இருந்திருந்தா..." என்று மூத்தார் சொல்கிறார். இவர் தலையாட்டிக்கொண்டு சிரிக்கிறார். பிளாஸ்க்கை வைத்துவிட்டு வெளியே வந்து நின்றேன்.

அந்த வீடு இப்போது இல்லை. இடித்துவிட்டு வெளியூர்க்காரர் யாரோ தங்கும் விடுதி கட்டியிருக்கிறார். கதவுக்குப் பின்னால் நிற்கிற வழக்கமும் இல்லை. இந்தக் காலத்துப் பெண்கள் மூத்தாரை அண்ணா என்று நேருக்கு நேர் கூப்பிட்டுக் கலாய்க்கிறார்கள். நன்றாக இருக்கட்டும்.

மூத்தார் செத்த அன்றைக்கு நான் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதேன். "பாருடி, எவ்ளோ பாசம்" என்று ஓரகத்தி என்னைக் கட்டிக்கொண்டாள். பாசமாவது மண்ணாங்கட்டியாவது! அன்றைக்கு வாசலில் இருந்தது நாங்கள் இரண்டே பேர். "இவ சொன்னா, நான்தான் கேக்கல" என்று சொல்லக்கூடிய ஒரே வாயைத் துணி போட்டுக் கட்டிவிட்டார்களே என்றுதான் அழுதேன்.