நூற்று நாற்பது வாய்த் தேநீர்

என் வீட்டுக்காரர் குடித்த தேநீரைவிடத் துப்பிய தேநீர்தான் அதிகம். தேயிலைக் கம்பெனியில் ருசி பார்ப்பவர். நீண்ட மேசையில் வரிசையாகக் கோப்பைகள். கரண்டியால் மொண்டு, அடுத்த அறைவரை கேட்கிற மாதிரி சர்ரென்று உறிஞ்சி, நாக்கில் உருட்டி, தொட்டியில் துப்பிவிட்டு அடுத்த கோப்பைக்குப் போவார். முப்பத்தொரு வருஷமாக இதே பிழைப்பு. ஆபீசில் பட்டப்பெயர் ‘உறிஞ்சி’. நான் போடும் டீயைக் குடித்துவிட்டு மட்டும் வாயே திறக்க மாட்டார். அந்த மௌனத்துக்கு எனக்கு வருகிற கோபம் இருக்கிறதே!

அவர் போன மாதம் மாடிப்படியில் பாதி ஏறும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். “இதயத்துக்கு ரத்தம் சரியாப் போகுதான்னு ஒரு ஸ்கேன் எடுத்துப் பாக்கணும். அடைப்பு இருந்து கவனிக்காம விட்டா உயிருக்கே ஆபத்து” என்றார் டாக்டர். முட்டிவலிக்காரர், ஓடவைத்துப் பார்க்க முடியாது. அதனால் ரத்தக்குழாய்களை விரிக்கிற ஊசி போட்டுப் பார்ப்பார்களாம். ஒரு நாள் முன்னாலிருந்தே டீ, காபி, சாக்லேட் எதுவும் ஆகாது என்று தாளில் எழுதிக் கொடுத்தார்கள். ஸ்கேனுக்கு முந்தின நாள் டீத்தூள் டப்பாவை நான் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுக்கும் பெண் கேட்டாள்.

“நேத்துலேர்ந்து டீ, காபி குடிச்சீங்களா சார்?”

“இல்லம்மா.”

“பச்சைத் தண்ணிதான். வீட்டுல நான் காவல் இருந்தேன்” என்றேன் நான், பெருமையாக.

அவள் நரம்பு தேடிக்கொண்டே பேச்சுக் கொடுத்தாள். “என்ன வேலை பாக்கறீங்க?”

“டீ ருசி பாக்கற வேலை.”

அவள் கை அப்படியே நின்றுவிட்டது. “நேத்து லீவா சார்?”

“லீவு எதுக்கு? நூத்தி நாப்பது கப். ஒரு சொட்டு உள்ளே போகலை. எல்லாத்தையும் துப்பிட்டேன்!”

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. படித்த மனுஷன்! அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு, “கொஞ்சமாவது தொண்டையில இறங்கியிருக்கும் சார். அப்புறம் அந்த ஊசி சரியா வேலை செய்யாது” என்று சொல்லி டாக்டரைக் கூப்பிட்டாள். ஓய்வு நிலைப் படத்தை மட்டும் இன்று எடுத்துவிட்டு, ஊசி போட்டு எடுக்கிற படத்தை இரண்டு நாள் கழித்து வைத்துக்கொள்ளலாம் என்று முடிவானது.

ஈயப் பெட்டியைத் திறந்து, கனத்த உறை போட்ட சிரிஞ்சை எடுத்து அவர் கையில் ஏற்றினாள். அதற்குள் இருந்த கதிர்மருந்து, பார்வைக்கு வெறும் தண்ணீர். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை அதன் கதிர்வீச்சு பாதியாகிப் பாதியாகித் தானே அடங்கிவிடுமாம். முக்கால் மணி நேரம் கழித்து அவரை மெஷினடியில் படுக்கவைத்தார்கள். “இந்த மெஷின்லேருந்து எந்தக் கதிரும் வராதும்மா. சார் உடம்புலேருந்து வர்றதைத்தான் இது வாங்கிக்கும்” என்றாள். அம்மாடி! சட்டைப் பித்தானைச் சரியாகப் போடத் தெரியாத இந்த மனுஷனிடமிருந்தா என்று அவரை ஏற இறங்கப் பார்த்தேன்.

“இன்னைக்கு நிறையத் தண்ணி குடிங்க. பாத்ரூம் போனா ரெண்டு தடவை ஃபிளஷ் பண்ணுங்க, கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்க. கர்ப்பிணிங்க, சின்னப் பிள்ளைங்க பக்கத்துல நாளைக்குக் காலை வரைக்கும் போகாதீங்க.”

எங்கள் மகளுக்கு ஏழாம் மாதம், எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். அவர் முன்னறையில், அவள் பின்னறையில், ஒரே வீட்டுக்குள் போனில் பேச்சு.

“அப்பா, குழந்தை உதைக்குதுப்பா. வந்து தொட்டுப் பாருங்க.”

“அங்கேயே இரும்மா. அப்பா இன்னைக்குச் சும்மா ஆள் இல்லை.”

இரண்டாம் தடவைக்கு முன்தினம் லீவு போடவைத்தேன், வாசலைவிட்டு நகர விடவில்லை. ரத்தக்குழாயை விரிக்கிற ஊசி ஏறியதும் முகம் சிவந்து, மூச்சு வாங்கினார். எனக்கு உயிரே போய் வந்தது. படமெல்லாம் எடுத்து முடித்ததும் டாக்டர் எங்களை உள்ளே கூப்பிட்டுத் திரையில் இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். முதல் நாள் எடுத்ததில் இதயத் தசை முழு வளையமாக, மஞ்சளும் ஆரஞ்சுமாகத் தகதகத்தது. இன்று எடுத்ததில் ஒரு பக்கம் வெளிறிப்போயிருந்தது.

“அடைப்பு இருக்கு. ஆனா அந்தத் தசை உயிரோடதான் இருக்கு, ரத்தம்தான் பத்தலை. குழாயைத் திறந்துவிட்டா சரியாயிடும். பயப்படாதீங்க.”

“அன்னைக்கே அந்த ஊசியைப் போட்டிருந்தா?” என்று கேட்டேன்.

“இந்த வெளிறல் தெரியாமலே போயிருக்கலாம். நல்லாத்தான் இருக்கீங்கன்னு வீட்டுக்கு அனுப்பியிருப்போம்.”

அந்தப் பெண் ஒரு வார்த்தை பேச்சுக் கொடுக்காமல் இருந்திருந்தால்? திரையிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. முப்பது வருஷமாகப் பக்கத்திலேயே துடித்துக்கொண்டிருந்ததை அன்றுதான் பார்க்கிறேன்.

“என்னடி இப்படிப் பாக்கற? கண்ணு பட்டுடப் போகுது” என்றார் அவர்.

என் கண் படாது என்று சொல்ல வாயெடுத்தேன். அழுகைதான் வந்தது.