நான் அவிழ்த்த பதினோரு முடிச்சுகள்

நடக்க ஆரம்பித்துப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. எங்களைப் பச்சைமலைக்குக் கூட்டிப்போக வந்தவர், "ஒங்களுக்குச் சொந்தமா நெலம் எங்கயாச்சும் இருக்குதாக்கா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டேன். உடையார்பாளையத்துக்குப் பக்கத்தில் என் பெயரிலும் தம்பி பெயரிலுமாக ஒன்றரை ஏக்கர் தரிசு கிடக்கிறது. அதை ஏன் மறைத்தேன் என்று அப்போது யோசிக்கவில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

காரணம் பழையது. நான் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும்போது எங்கள் ஊருக்கு ஒருவர் பைக்கில் வந்தார். மோர் வாங்கிக் குடித்தார். கிணறு எத்தனை அடி, முந்திரி எப்படிக் காய்க்கிறது, அண்ணன் தம்பி எத்தனை பேர் என்றெல்லாம் சொந்தக்காரர் மாதிரி விசாரித்தார். அப்பாவுக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போனது. பிறகு கல் கம்பெனி ஆட்கள் வந்து கல்லில் சிவப்பு பெயிண்டால் குறி போட்டார்கள். நான் காலேஜ் முடித்து வந்தபோது எங்கள் முந்திரிக் கொல்லை இருந்த இடத்தில் சுண்ணாம்புக்கல் பள்ளம் இருந்தது. அதற்குப் பின் யாராவது அன்பாக நிலத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

மலைக்கு என்னை இழுத்து வந்தவள் தோழி. நான் அலுவலக எழுத்தராக இருக்கும் அரியலூர்ப் பள்ளியிலேயே அவள் அறிவியல் ஆசிரியை. மார்கழி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், விடிகிற நேரத்துக்கு வேப்பந்தட்டை பஸ் நிறுத்தத்தில் கூடினோம். நாங்கள் இரண்டு பேர், பெரம்பலூரில் மருந்துக் கடை வைத்திருக்கும் ஒருவரும் அவர் மனைவியும், பிறகு வழிகாட்டி. அவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். வேனிலேயே, "நான் பொறந்து வளந்ததே இந்த மலையிலதாங்க" என்று சொல்லியிருந்தார். மேலே ஒரு சிற்றூர் வரை வேன் போனது. அங்கிருந்து முகட்டு வழியாகவே போய், மதியம் சாப்பிட்டுவிட்டு, அதே வழியில் திரும்புவதாக ஏற்பாடு.

முகடு அவ்வளவு அமைதியாக இருந்தது. ஒரு பக்கம் மரவள்ளிக் காடு சரிந்து இறங்கியது. மறுபக்கம் வெகு கீழே மக்காச்சோள வயல்களும், பாதி நிறைந்த ஏரிகளும், ஜல்லிக்காக அறுத்துப்போட்ட ஒரு குன்றின் வெள்ளை வெட்டும் தெரிந்தன. அந்த வெள்ளையைப் பார்த்த பிறகு என்னால் வேறு எதையும் பார்க்க முடியவில்லை.

வழிகாட்டி அடிக்கடி போனைப் பார்த்தார். கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை, பையிலிருந்து விரல் அகலச் சிவப்புத் துணி ஒன்றை எடுத்து மரக்கிளையில் கட்டினார். எல்லாருக்கும் முன்னால் போனதால் யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்திருப்பார். நான் வேகத்தைக் கூட்டி அவர் பக்கத்தில் போய், "என்ன தம்பி இது?" என்று கேட்டேன்.

"சும்மா ஒரு அடையாளத்துக்குத்தாங்க" என்றவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அந்த 'சும்மா' எனக்குச் சரியாகப் படவில்லை. பிறந்து வளர்ந்த மலையில் அடையாளம் எதற்கு? தோழியிடம் மெதுவாகச் சொன்னேன். பச்சைத் தண்ணியைக்கூட மோந்து பார்த்துத்தான் குடிப்பாய் என்று என்னைக் கேலி செய்தாள்.

பத்து மணிவாக்கில் ஒரு பாறையில் உட்கார்ந்தோம். அவர் தள்ளிப் போய்ப் போனில் பேசினார். காற்று எங்கள் பக்கம் அடித்ததால் எனக்குக் கேட்டது. "எடம் நல்லாத்தான் இருக்கு மாமா. இன்னும் ரெண்டு வாட்டி வந்தா மொத்தமும் புடிபட்டுடும்."

அதற்கு மேல் எனக்கு எந்தச் சாட்சியும் தேவைப்படவில்லை. நடக்கக் கிளம்பியதும், கால் வலிக்கிற மாதிரிக் கடைசி ஆளாகப் பின்தங்கினேன். அவர் கட்டிப்போன ஒவ்வொரு துணியையும் அவிழ்த்துச் சாப்பாட்டுப் பைக்குள் திணித்தேன். ஒவ்வொரு தடவையும் வந்த பாதையை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டேன், பின்னால் யாராவது வருகிறார்களோ என்று. அப்பாவால் முடியாததை நான் செய்துவிட்டதாக உள்ளுக்குள் ஒரு கர்வம்கூட இருந்தது.

மதியம் புளிச்சோறு சாப்பிட்டுத் திரும்பும்போது மூடுபனி ஏறியது. முதலில் கீழே இருந்த ஏரிகள் மறைந்தன. பிறகு பத்தடிக்கு முன்னால் இருந்த மரமும் மங்கியது. மூன்று தடங்கள் பிரியும் ஓர் இடத்தில் வழிகாட்டி நின்றார். ஒரு மரத்தைச் சுற்றி வந்தார். கிளைகளைக் கையால் தடவினார். போனை எடுத்தார், சிக்னல் இல்லை. எங்களைப் பார்க்காமல் வலப்பக்கத் தடத்தில் நடந்தார்.

அவர் எதைத் தேடினார் என்பது அந்த நிமிடமே எனக்கு விளங்கிவிட்டது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. தடம் புதருக்குள் போய் முடிந்தது. மருந்துக் கடைக்காரரின் மனைவிக்கு முழங்கால் வீங்கியிருந்தது. இனி ஓர் அடி நடக்க முடியாது என்று ஈர மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். அதைப் பார்த்த பிறகுதான் பையைத் திறந்தேன்.

துணிகளைப் பார்த்ததும் தோழி என் பெயரை மட்டும் சொன்னாள்.

"எத்தன அவுத்தீங்கக்கா?" என்று வழிகாட்டி கேட்டார்.

"பதினொண்ணு. நீங்க கல் கம்பெனிக்கு எடம் பாக்குறீங்கன்னு நெனச்சேன்."

அவர் கோபப்படவில்லை. "நானும் ஒங்ககிட்ட பொய்தான் சொன்னேன். எனக்கு ஊரு கீழதாங்க. இந்த வழில இதோட நாலு தடவதான் வந்துருக்கேன்" என்றார்.

மற்றதை அவரே சொன்னார். முன்பு லாரி ஓட்டியிருக்கிறார். மலையில் பெண் எடுத்தவர். வழிகாட்டியாக இருந்த மைத்துனருக்குக் கால் எலும்பு முறிந்துபோனதால், நடைக்குப் பெயர் கொடுத்திருந்த ஆட்களைத் திருப்பி அனுப்ப மனமில்லாமல் இவர் வந்திருக்கிறார். நான் போன் பேச்சைப் பற்றிக் கேட்டதற்கு, புடிபட்டுடும் என்று மாமனாரிடம் சொன்னது பாதையைத்தான் என்றார். நிலம் பற்றிக் கேட்டது குத்தகைக்கு. அவர் அப்பாவும் தாத்தாவும் காலமெல்லாம் அடுத்தவர் வயலில் கூலிக்கு நின்றவர்கள். ஒரு ஏக்கர் கிடைத்தாலும் மக்காச்சோளம் போட்டுப் பார்க்கலாம் என்று, பழகுகிற எல்லாரிடமும் கேட்பாராம். எங்கள் ஒன்றரை ஏக்கர் நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை.

மருந்துக் கடைக்காரர் அவரைத் திட்டித் தீர்த்தார். தெரியாத வழியில் பெண்களைக் கூட்டி வருவதா என்று கேட்டார். நியாயமான கேள்விதான். பாதித் திட்டு எனக்கு வர வேண்டியது.

முதலில் மூன்று தடம் பிரிந்த இடத்துக்குத் திரும்பினோம். அங்கே நின்று பார்த்தபோது எனக்கு ஒன்று பிடிபட்டது. முடிச்சுகளை அவிழ்த்தபோதெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்திருக்கிறேன். அதனால் திரும்புகிற திசையில் அந்தப் பாதை எப்படி இருக்கும் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். குளவிக்கூடு இருந்த மரம், இரண்டாகப் பிளந்த பாறை, அதற்கு இடப்பக்கம் ஈச்சம்புதர். "நான் முன்னால போறேன்" என்றேன். வேறு வழியில்லாமல் எல்லாரும் பின்னால் வந்தார்கள்.

அந்த அம்மாவைத் தோழியும் மருந்துக் கடைக்காரரும் தாங்கிப் பிடித்து வந்தார்கள். நான் மரம் மரமாக அடையாளம் கண்டு சொல்ல, வழிகாட்டி மறுபடியும் துணியைக் கட்டிக்கொண்டே வந்தார். இரண்டு இடத்தில் தவறினேன். இரண்டு முறையும் நின்று, பின்னால் வந்து, வேறு பக்கம் போனோம். நான் முதலில் அவிழ்த்த மரத்தைத் தாண்டியதும், காலையில் அவர் கட்டி நான் தொடாமல் விட்ட துணிகள் இருந்தன; அவற்றைப் பிடித்துப் போனபோது நாய் குரைக்கும் சத்தம் கேட்டது. இருட்டுவதற்குள் சிற்றூருக்கு வந்து சேர்ந்தோம். வேன் டிரைவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டார். வழிகாட்டி, பனிதான் காரணம் என்று சொல்லி என்னைக் காட்டிக்கொடுக்காமல் விட்டார்.

அரியலூர் பஸ்ஸில் தோழி ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள். ஊர் நெருங்கும்போது, "அந்தம்மா உக்கார்ற வரைக்கும் ஏன்டி சும்மா இருந்த?" என்று கேட்டாள். பொங்கல் விடுமுறை முடியும் வரை அவள் என்னோடு சரியாகப் பேசவில்லை. பிறகு பேசினாள்.

இதுவரை அவளுக்குச் சொல்லாதது ஒன்று உண்டு. மலையிலிருந்து வந்த மறுவாரம், வேப்பந்தட்டையில் இருக்கும் ஒன்றுவிட்ட அக்காவுக்குப் போன் செய்து, இப்படி ஓர் ஆள் உண்டா, மைத்துனருக்குக் கால் முறிந்தது உண்மையா என்று விசாரித்தேன். அவர் சொன்னது அத்தனையும் உண்மை. போனை வைத்த பிறகு, மலையில் எல்லார் முன்னாலும் பையைத் திறந்து காட்டியபோது வராத வெட்கம் வந்தது.